மணிக்கணக்கும் ஏக்கர்க்கணக்கும்

தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டிராக்டர்காரரிடம் வாடகை கேட்டால் ‘மணிக்கு இவ்வளவு’ என்பார். இலங்கையின் கிளிநொச்சியில் உழவு மெசின்காரர் ‘ஏக்கருக்கு இவ்வளவு’ என்பார். கூலி பேசுவதில் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் என்று இதை விட்டுவிட முடியாது. ஈரமண்ணில் சக்கரம் புதைந்தால் நஷ்டம் யாருக்கு, ஓட்டுநர் எவ்வளவு அவசரப்படுவார், விபத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் பாதி இந்தப் பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் வட்டாரத்தில் நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, பயிரும் பலவகை. பாகலூர், பேரிகை பக்கம் ரோஜாவும் காய்கறியும். தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலங்களில் ராகி. கிருஷ்ணகிரியைச் சுற்றி மாந்தோப்பு. ஆண்டு முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் டிராக்டருக்கு வேலை இருக்கும். அரை ஏக்கர் நிலத்தில் ஓட்டுவதைவிடத் திருப்புவதற்கே நேரம் போகும் என்பதால் மணிக்கணக்குதான் வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும். திருப்பும் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பவர் சிறு விவசாயி.

கிளிநொச்சியில் நெல்தான் பிரதானம். சிறுபோகம் என்னும் கோடைப் பருவத்தில் இரணைமடுக் குளத்து நீரை எப்போது திறப்பது, எப்போது விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கிறது. தேதி ஒன்றானால் தேவையும் ஒன்றாகிறது. எல்லா வயலுக்கும் அதே சில வாரங்களில் இயந்திரம் வேண்டும். அந்த நெரிசலில் ஏக்கர்க்கணக்கு விவசாயிக்கு நல்லது, செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் ஓட்டுநர் எவ்வளவு வேகமாக முடிக்கிறாரோ அவ்வளவு அவருக்கு லாபம். வெட்டு மெசின் எனப்படும் அறுவடை இயந்திரத்தின் வேகம் கூடினால் நெல் வயலிலேயே சிந்தும். தூக்கம் கெட்ட ஓட்டுநர் வரப்பில் ஏறும்போது வண்டி சாயவும் கூடும்.

சொந்தமாக வாங்குவது லாபமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிராக்டர் விலை 8 லட்ச ரூபாய், ஆயுள் 10 ஆண்டு, கடைசியில் கிடைப்பது 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 72,000. சராசரி முதலுக்கு 10 சதவீத வட்டி 44,000. காப்பீடு, கொட்டகை, வரிக்கு 16,000. ஆக வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் செலவு. ஆண்டுக்கு 1,000 மணி ஓடினால் மணிக்கு 132 ரூபாய். 400 மணிதான் ஓடியது என்றால் 330 ரூபாய். டீசல், ஓட்டுநர் கூலி, பழுது எல்லாம் இதற்கு மேல். பலர் டீசலையும் வங்கித் தவணையையும் மட்டுமே செலவாக எண்ணி வாடகை சொல்கிறார்கள். தேய்மானம் கணக்கில் வராததால் டயர் மாற்றும் நாளில்தான் உண்மை தெரிகிறது.

2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலை இறங்கியது நல்லதுதான். ஆனால் 400 மணி ஓடும் வண்டி 1,000 மணி ஓடினால் கிடைக்கும் மிச்சத்துக்கு முன்னால் இது சிறிது. அதனால்தான் இரு நாடுகளிலும் பொதுப் பயன்பாட்டுக்கு வழி தேடினார்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை ‘இ-வாடகை’ மூலம் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் ‘கிருஷி யந்திர தாரே’ மையங்கள் அதே வேலையைச் செய்கின்றன. போருக்குப் பின் இந்தியா வட மாகாணத்துக்குக் கொடுத்த 500 டிராக்டர்களும் தனியாருக்கு அல்லாமல் கமநல சேவை நிலையங்களுக்கும் விவசாயக் கூட்டுறவுகளுக்குமே போயின.

இயந்திரம் கிடைத்துவிடும். ஓசூரிலேயே விஎஸ்டி நிறுவனத்தின் டிராக்டர் ஆலை இருக்கிறது. கிடைக்காதவர் ஓட்டத் தெரிந்தவர். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலையும் மாதச் சம்பளமும் இருக்கும்போது, புழுதியில் டிராக்டர் ஓட்ட இளைஞர் ஏன் வருவார்? வருகிறவர் மற்றவர் ஓட்டுவதைப் பார்த்தே பழகியவராக இருக்கிறார்.

பார்த்துப் பழகுவது எங்கே கைவிடும் என்பதற்குப் பவர் டில்லர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் நல்ல உதாரணம். இலங்கையில் இதை லேண்ட்மாஸ்டர் என்பார்கள். சமதளத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். பெட்டியில் பாரம் ஏற்றிச் சரிவில் இறங்கும்போது அதே இடது கிளட்சைப் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கும். காரணம் எளிது: பிடித்த பக்கத்துச் சக்கரம் இன்ஜினின் பிடியிலிருந்து விடுபட்டுப் பாரத்தால் வேகமாக உருள்கிறது, மறுபக்கத்துச் சக்கரத்தை இன்ஜின் இழுத்துப் பிடிக்கிறது. தளி மேட்டிலிருந்து இறங்குபவருக்கும் குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்குபவருக்கும் இது உயிர் காக்கும் பாடம். யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

அடுத்தது, இன்ஜின் விசையைக் கருவிகளுக்குக் கொடுக்க டிராக்டரின் பின்னால் சுழலும் பிடிஓ தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. வேட்டி முனையோ துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள அவகாசமே இருக்காது. அதன் மேல் வரும் பிளாஸ்டிக் உறை கிரீஸ் வைக்கும்போது இடைஞ்சல் என்று கழற்றப்படுகிறது. திரும்பப் பொருத்துவோர் குறைவு.

சட்டம் என்ன செய்கிறது? இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டரை இலகு ரக வாகனத்தில் சேர்க்கிறது. கார் ஓட்டும் உரிமம் இருந்தால் போதும், ரோட்டவேட்டரைத் தொட்டே பார்க்காதவரும் சட்டப்படி டிராக்டர் ஓட்டலாம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் விவசாய உழவு இயந்திரத்துக்கு ‘ஜி’ என்றும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கு ‘ஜி1’ என்றும் தனித்தனி வகை உண்டு. அதுவும் வீதியில் ஓட்டும் திறனைத்தான் பார்க்கிறது என்றாலும், இது வேறு வண்டி, இதற்கு வேறு பழக்கம் வேண்டும் என்பதையாவது ஒப்புக்கொள்கிறது.

இந்தியாவின் பலம் இயந்திரத்தைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரங்கள் கை கால்களைப் பறித்த அனுபவத்தில் 1983இல் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தயாரிப்பவருக்கு உரிமம், இயக்குபவர் ஊனமுற்றால் இழப்பீடு என்று அது பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் ஓசூர் பக்கத்துச் சாலைகளில் ராகியைப் பரப்பி, போகிற வண்டிகளையே ஏற விட்டுக் கதிர் உதிர்க்கும் வழக்கத்தை எந்த இயந்திரச் சட்டமும் தொடாது. விவசாயிக்கு வாடகை மிச்சம். அந்தச் செலவைச் சறுக்கி விழும் பைக் ஓட்டி சுமக்கிறார்.

டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களில் சுவீடன் 1959லேயே கட்டாயமாக்கியது. நம் இரு நாட்டிலும் அதை வயலில் பார்ப்பது அரிது. கேட்டால் செலவு என்பார்கள். இரும்புச் சட்டம் இருக்கட்டும், பிடிஓ உறைக்கு 3,000 ரூபாய் ஆகும் என்றே வைப்போம். 1,000 மணிக்குப் பிரித்தால் மணிக்கு மூன்று ரூபாய். இந்த மூன்று ரூபாயை மணிக்கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை, ஏக்கர்க்கணக்கிலும் சேர்க்கவில்லை.

கிருஷ்ணகிரி இலங்கையிடமிருந்து தனி ஓட்டுநர் உரிம வகையை எடுத்துக்கொள்ளலாம். கிளிநொச்சி, நெரிசல் வாரங்களிலாவது மணி மீட்டர் பார்த்துக் கூலி பேசி ஓட்டுநரின் அவசரத்தைத் தணிக்கலாம். இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. அரசு மையமோ கூட்டுறவோ, இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே அனுப்பும்முன் உறை இருக்கிறதா என்று பார்த்து வாடகை ரசீதில் குறிக்க வேண்டும். உறை இல்லாத வண்டிக்கு ரசீது கிடையாது என்று ஒரு மையம் ஒரு போகம் முழுக்கப் பிடிவாதமாக நின்றால், பக்கத்துத் தனியாரும் உறையை மாட்டித்தான் வாடகை பேசுவார்.