ஏவலும் திணையும்: ‘எந்திரன்’ படத்தில் பொறியை நிறுத்தும் மொழி

ஷங்கர் இயக்கத்தில் 2010 அக்டோபர் முதல் நாள் வெளியான ‘எந்திரன்’, இந்தியில் ‘ரோபோட்’ என்றும் தெலுங்கில் ‘ரோபோ’ என்றும் மொழிமாற்றம் பெற்றது. ரஜினிகாந்தின் இரட்டை வேடமும் கணினிவழிக் காட்சிகளுமே இப்படம் பற்றிய பேச்சில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. உரையாடலை எழுதியவர்கள் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோர். படம் முடிவதைக் காணாமல் சுஜாதா 2008இல் மறைந்தார். கட்டுமீறிய ஒரு பொறியைப் படைவீரர்களும் அதனைப் படைத்த அறிவியலாளரும் எவ்வாறு நிறுத்துகின்றனர் என்பதே கதையின் இறுதிப் பகுதி. அந்நிறுத்தம் துப்பாக்கியால் நிகழவில்லை, ஓர் ஏவலால் நிகழ்கிறது. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இப்படம் ஆய்வுப் பொருளாவது இவ்விடத்தில்தான்.

முதலில் தலைப்பு. வடமொழி ‘யந்திரம்’ தமிழில் இயந்திரம் எனவும் எந்திரம் எனவும் வந்தமைக்குக் காரணம் வெளிப்படை. ஆகாரத்தோடன்றி யகரம் மொழிமுதல் வாராது என்பது தொல்காப்பிய நெறி. எந்திரம் என்னும் வடிவம் ஐங்குறுநூற்றிலேயே கரும்பாலையைக் குறித்து வந்துவிட்டது. சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளைப் பட்டியலிடுகிறது. சிந்தாமணியில் மயிற்பொறி பறக்கிறது. பெருங்கதையில் வீரர்களை உள்ளே மறைத்துவைத்த பொறியானை உதயணனைச் சிறைப்படுத்துகிறது. தானே இயங்குவதுபோல் தோன்றும் பொறிகள் தமிழிலக்கியத்துக்குப் புதியன அல்ல என்றாலும், இவையெல்லாம் அஃறிணையாகவே நின்றன. ‘இயந்திர மனிதன்’ என்ற பிற்காலத் தொடரிலும் உயர்திணைப் பொருளைத் தருவது ‘மனிதன்’ என்ற தலைச்சொல்லே. ‘இயந்திரம்’ அதற்கு அடைதான். ‘எந்திரன்’ என்ற சொல்லில் அந்தத் துணை நீக்கப்பட்டு, அன் ஈறு பொறியின்மீதே நேராக ஏறிவிட்டது.

இதற்கு முன்னோடி உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ஜீனோ என்னும் நாய் வடிவப் பொறியை வாசகரிடையே புகழ்பெறச் செய்தது. மகர ஈற்று அஃறிணைப் பெயர் விளியேற்றால் ‘இயந்திரமே’ என்றாதல் வேண்டும். ‘இயந்திரா’ என்ற விளி, ‘இயந்திரன்’ என்ற எழுவாயை உட்கொண்டால் மட்டுமே இலக்கணமாகும். அன் ஈறு விளியில் ஆவாகும் என்ற விதி அங்கே சத்தமின்றி வேலை செய்கிறது. நாவலின் தலைப்பு விளித்ததை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின் திரைப்படத்தின் தலைப்பு எழுவாயாக நிறுத்தியது எனலாம்.

உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு முதலிய காரணங்களால் திணை மயங்கலாம் என்று நன்னூல் அமைதி கூறும். தான் வளர்க்கும் பசுவை ஒருவன் ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் வந்த வழுவமைதி. அறிவியலாளர் வசீகரன் தம் படைப்பான சிட்டிமேல் கொள்ளும் பெருமிதமும் இவ்வகையினதே. வழுவமைதி என்பது பேசுவோனுடைய மனநிலையைப் பற்றியது. பேசப்படும் பொருளின் இயல்பு அதனால் மாறுவதில்லை. பசு ஒருநாளும் ‘நான் உயர்திணை’ என்று வழக்காடாது. சிட்டி வழக்காடுகிறது. உணர்ச்சி ஊட்டப்பட்டபின் சனாவைக் காதலித்து, அவள் மறுத்த வருத்தத்தில் இந்தியப் படையினர் நடத்தும் சோதனையில் வேண்டுமென்றே தோற்கிறது. அமைதியாக வழங்கப்பட்டதை வழாநிலையாகக் கோரும் பொறி இது. (‘கிறது’ என்று எழுதுவதும் ஒரு பக்கம் சாய்வதே. இக்கட்டுரை முழுவதும் அஃறிணை முடிபே ஆளப்படுகிறது. வேறு முடிபு தவறாகாது.)

தமிழில் இச்சிக்கல் எப்போதும் வெளித்தெரிவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தன்மையும் முன்னிலையும் இருதிணைக்கும் பொது. ‘நான் வருகிறேன்’, ‘நீ வருகிறாய்’ என்பனவற்றில் பேசுவது மனிதனா பொறியா என்பதற்கு அடையாளமில்லை. ஏவல் வினையிலும் அப்படியே. ஆகவே படைத்தவரும் படைப்பும் நேருக்கு நேர் உரையாடும்வரை திணை உறங்குகிறது. சிட்டியைப் பற்றிப் பிறர் பேசத் தொடங்கியதும், அதாவது படர்க்கையில், ‘அவன்’ அல்லது ‘அது’ என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். படைத்துறையினருக்கு வேண்டியது ‘அது’. ஏவினால் இயங்கும் கருவி, கருவியாக இருக்கும்வரைதான் பயன்படும்.

ஏவலின் ஆபத்தைப் படம் முதலில் நகைச்சுவையாகவே காட்டுகிறது. தொலைக்காட்சியைப் ‘போடு’ என்றதும் சிட்டி அப்பெட்டியைத் தரையில் போட்டுவிடுகிறது. போடு என்னும் வினையின் பல்பொருளே இதற்கு அடிப்படை. விளக்குப் போடுதல், சட்டை போடுதல், கையெழுத்துப் போடுதல், சண்டை போடுதல் எனப் பெயரோடு சேர்ந்து பொருள் கொள்ளும் வினை இது. சிட்டிக்கு அகராதியின் முதற்பொருள் தெரிகிறது. சேர்க்கைப் பொருள் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இக்காட்சி நல்ல பயிற்சி. தெலுங்கின் ‘வேயி’ விளக்கையும் மின்விசிறியையும் ‘போடுவதற்கு’ ஆளப்படுவது, எறிதற்பொருளும் அதற்குண்டு. ஆதலால் நகைச்சுவை ஏறத்தாழ அப்படியே கடந்துவிடும். இந்தியில் ‘சலாவோ’ என்றால் ‘ஓட்டு, இயக்கு’ என்று பொருள்படும். அச்சொல்லைக் கேட்டுப் பெட்டியைக் கீழே போடுவதற்குக் காரணமில்லை. அங்கே உதடசைவும் காட்சியும் ஒரு புறம் இழுக்க, வினைச்சொல் மறுபுறம் இழுக்கும்.

அதே குறை அடுத்து அச்சமூட்டுவதாக வருகிறது. வசீகரனையே குத்துமாறு போரா ஆணையிட, சிட்டி கத்தியை ஓங்குகிறது. ஏவலின் சொற்பொருள் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஏவுவோன் யார், ஏன் ஏவினான் என்பது புரியவில்லை. பயன்வழியியலார் சூழற்பொருள் என்று கூறுவதன் இன்மை இதனினும் தெளிவாகத் திரையில் காட்டப்பட்டதில்லை எனத் துணிந்து கூறலாம். மனிதனுக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற அசிமோவின் முதல் விதி (1942) படைக்கென ஆக்கப்பட்ட பொறிக்கு ஒவ்வாது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. இடையே ஒரு கேள்வி: இந்தியப் படையின் அணிவகுப்பு ஏவல்கள் இந்தியில் அமைந்தவை. அப்படைக்கென உருவான பொறி எம்மொழியின் ஏவலுக்குப் பணியும் என்பதைப் படம் எண்ணிப் பார்க்கவில்லை.

இறுதிப் போரில் பன்மை நுழைகிறது. சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட சிட்டி தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கான படிகளை ஆக்கிக்கொள்கிறது. அவற்றை எவ்வாறு சுட்டுவது? எந்திரங்கள் என்றால் திணை இறங்கும். எந்திரர் என்பது மரபு, ஆனால் செயற்கையாக ஒலிக்கும். எந்திரன்கள் என்பதே பேச்சில் வரும். ஒருமை ஈற்றின்மேல் கள் ஏறிய அவ்வடிவம் இப்படிகளுக்கு நன்கு பொருந்துகிறது. தனியொருவன் என்ற பெருமை, படிகள் பெருகியதும் பொருளிழக்கிறது. அவை உருண்டையாகவும் சுவராகவும் பாம்பாகவும் பேருருவ மனிதனாகவும் ஒன்றுகூடித் தாக்க, வீரர்களின் படைக்கலங்கள் பயனற்றுப் போகின்றன. வீரர்களுக்கு இப்பகுதியில் சொல்லத்தக்க மொழி எதுவும் வழங்கப்படவில்லை. சுடுவதும் வீழ்வதுமே அவர்கள் பங்கு. உரையாடலாசிரியர்கள் இங்கே கைவிட்டது ஒரு நல்ல வாய்ப்பு. வசீகரனோ அதற்கு முன்பே படிகளுள் ஒன்றாக வேடமிட்டு உள்ளே நுழைந்தவர்; ஏவியவர் ஏவப்படுபவராக நடிக்க நேர்ந்த கட்டம் அது. முடிவில் சிட்டியின் உட்கட்டுப்பாட்டை எட்டி, அதன் வழியே ஏனைய படிகளைச் செயலிழக்கச் செய்கிறார். பெயரில்லாத படிகள் ஓர் ஏவலில் ஓய்கின்றன. அவற்றுக்காக எவரும் வருந்துவதில்லை. ‘அவை’ என்பதில் ஐயமில்லை.

படத்தின் குறையும் இங்கேதான் உள்ளது. கட்டுமீறலின் காரணம் சிட்டியின் விருப்பமா, சிவப்புச் சில்லா? முற்பகுதி விருப்பம் என்கிறது. பிற்பகுதி சில்லைக் கழற்றிச் சிக்கலை அவிழ்த்துக்கொள்கிறது. நீதிமன்றக் காட்சி இதனால் எளிதாகிவிடுகிறது. சில்லைப் பொருத்தியவர் போரா என்று சிட்டியே பதிவுகளைக் காட்ட, வசீகரன் விடுதலை பெறுகிறார், சிட்டியைப் பிரித்துவிட ஆணை பிறக்கிறது. குற்றம் அவனுக்கு உண்டெனில் அது தண்டனை; இல்லையெனில் ஆபத்தான பொருளை அகற்றல். தீர்ப்பு இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. உறுப்புகளைக் கழற்றும் வேலையைச் சிட்டியே செய்வதால், கழற்றுவோனும் கழற்றப்படும் பொருளும் ஒன்றாகின்றன.

இக்கட்டத்தை மொழிமாற்றுவோர் எதிர்கொள்வது வேறு. இந்தியில் ஒவ்வொரு பெயரும் ஆண்பாலோ பெண்பாலோ ஆவதால், வினையின் ஆண்பால் முடிபு கதவுக்கும் மனிதனுக்கும் ஒன்றே. எந்திரன் என்பதில் உள்ள உரிமைக்குரல் அங்கே கேட்பதில்லை. தெலுங்கில் ‘வாடு’, ‘அதி’ வேறுபாடு உண்டு. ‘மரமனிஷி’ என்ற சொல்லும் கைவசம் இருந்தது. இருந்தும் தலைப்பு ‘ரோபோ’ ஆயிற்று. ஆயினும் சிட்டி என்ற பெயர் சிறியது, செல்லமானது என்ற பொருளில் தமிழைவிடத் தெலுங்கிலேயே இயல்பாக ஒலிக்கிறது என்பதை ஈட்டுவதாகக் கொள்ளலாம். 2018இல் வந்த தொடர்ச்சிக்கு ‘2.0’ என்று எண்ணே பெயராயிற்று. எம்மொழியிலும் அதனை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எத்திணையிலும் அது அடங்குவதில்லை. முதற்படத்தின் கடைசிக் காட்சியில், 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில், சிட்டி பிரிக்கப்பட்டதற்கு ஒரு சிறுமி காரணம் கேட்க, சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று தன்மை ஒருமையில் விடை வருகிறது. தன்மையில் திணை இல்லை.