அள்ள அள்ளக் குறையாத பாஸ்தா

ஆலிவ் கார்டன் அமெரிக்காவின் மிகப் பெரிய இத்தாலிய உணவகச் சங்கிலி. 1982-இல் புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரில் அதன் முதல் கடை திறக்கப்பட்டது. அதைத் திறந்தது இத்தாலியிலிருந்து குடியேறிய சமையற்காரக் குடும்பம் அன்று. மாவும் காலை உணவுத் தானியங்களும் விற்றுப் பெயர் பெற்ற ஜெனரல் மில்ஸ் நிறுவனம். 1995-இல் அதன் உணவகப் பிரிவு டார்டன் ரெஸ்டாரண்ட்ஸ் என்ற பெயரில் தனி நிறுவனமாகப் பிரிந்தது. இன்று ஆலிவ் கார்டனுக்கு 900-க்கு மேற்பட்ட கிளைகள் உள்ளன. நட்சத்திர ஓட்டலுக்கும் பர்கர் கடைக்கும் இடைப்பட்ட ரகம் இது. அரைக்கால் சட்டையோடு போய் உட்காரலாம். ஆனாலும் மேசைக்கு ஒருவர் வந்து கேட்டுப் பரிமாறுவார்.

இந்த உணவகத்தின் அடையாளம் ‘அளவில்லை’ என்னும் ஏற்பாடு. முதன்மை உணவாக எதை வாங்கினாலும் அதோடு சூப் அல்லது சாலட், கூடவே பூண்டு மணக்கும் பிரெட்ஸ்டிக் ஆகியவை கேட்கக் கேட்க வரும். முதல் கூடையில் ஆளுக்கு ஒன்று, மேசைக்குக் கூடுதலாக ஒன்று என்பது நிறுவனத்தின் கணக்கு. சாலட் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெரிய கிண்ணத்தில் வருகிறது. சர்வர் கையால் சுற்றும் துருவியோடு பக்கத்தில் நின்று, போதும் என்று சொல்லும்வரை சீஸைத் துருவிக்கொண்டே இருப்பார். சொல்லக் கூச்சப்படுபவரின் கிண்ணத்தில் கீரை மறைந்துவிடும். கடைசியில் பில்லோடு பச்சைத் தாளில் சுற்றிய புதினாச் சாக்லேட். ஆண்டில் சில வாரங்களுக்குப் பாஸ்தாவும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். ஒரு விலை கொடுத்தால் சாஸை மாற்றி மாற்றி எத்தனை கிண்ணம் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இந்த ஏற்பாட்டின் முதல் வலிமை, வாசலில் நுழையும்போதே செலவு தெரிந்துவிடுவது. இரண்டு பிள்ளைகளோடு வரும் குடும்பம் பில் எங்கே போய் முடியுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. பிடித்த உணவு வரும்வரை பிள்ளைகள் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மீந்த பாஸ்தாவைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் மதியச் சாப்பாடும் ஆயிற்று. ஊர் மாறினாலும் சுவை மாறாது என்பதும் நெடுந்தூரம் காரில் போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். இறைச்சி இல்லாத உணவைத் தேடி அலையும் இந்தியக் குடும்பங்களுக்கு மினஸ்ட்ரோனே என்னும் காய்கறிச் சூப்பும் சாலட்டும் ரொட்டியும் சேர்ந்து ஒரு வேளையைத் தாராளமாக நிரப்பிவிடும். ஆசாரமாகச் சைவம் பார்ப்பவர்கள் சீஸை மட்டும் விசாரித்துக்கொள்வது நல்லது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்தான் போடப்படுகிறது.

பெருநகரத்து விமர்சகர்கள் இந்த வலிமைகளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. 2012-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிறிய நகருக்கு ஆலிவ் கார்டன் வந்தது. உள்ளூர் நாளிதழில் பல்லாண்டுகளாக உணவகங்களைப் பற்றி எழுதிவந்த, எண்பது வயதைக் கடந்த மரிலின் ஹேகர்ட்டி, அந்த இடத்தின் அழகையும் உணவையும் மெச்சி எழுதினார். நாடு முழுவதும் அந்தப் பத்தியைக் கேலியாகப் பகிர்ந்தது. பிறகு சமையல்காரரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டைன் அவருக்குத் துணை நின்று, 2013-இல் அவரது பத்திகளைத் தன் பதிப்பு வரிசையில் நூலாகவே கொண்டுவந்தார். ஹேகர்ட்டியின் அளவுகோல் ரோமாபுரியோ நியூயார்க்கோ அன்று. அந்த ஊரில் அன்றுவரை என்ன கிடைத்தது என்பதே. அப்படிப் பார்த்தால் அவர் எழுதியது நேர்மையான மதிப்பீடு.

இவ்வகை உணவகங்கள் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை, இது உண்மையான இத்தாலியச் சமையல் அன்று என்பது. ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. இத்தாலியில் பாஸ்தாவின் மேல் கோழிக்கறியை அடுக்கும் வழக்கம் கிடையாது. அங்கே சாலட் முதலில் வராது; இறைச்சியோடோ அதற்குப் பிறகோ வரும். ரோமில் உணவகம் நடத்திய ஆல்ஃபிரடோ டி லேலியோ பெயர் வாங்கிய ஃபெட்டுச்சினி பாஸ்தா வெண்ணெயும் சீஸும் மட்டுமே சேர்ந்தது. கிரீமும் பூண்டும் அமெரிக்காவில் ஏறிக்கொண்டவை. ஆனாலும் இந்தக் குறை தோன்றும் அளவுக்குக் கனமானதில்லை. 1880-களிலிருந்து 1924-இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகள். ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ட இறைச்சி இங்கே கூலிக்காரருக்கும் எட்டியது. கொத்துக்கறி உருண்டை பெரிதானது, சாஸ் கெட்டியானது, ஸ்பெகட்டியும் உருண்டையும் ஒரே தட்டுக்கு வந்தன. அது தாய்நாட்டுச் சமையலின் பிழையான நகல் ஆகாது. இன்னொரு மண்ணில் கிளைத்த தனிச் சமையல் மரபு.

நிறுவனமோ இந்த நியாயத்தைத் தானே கைநழுவ விட்டது. அமெரிக்க இத்தாலியச் சமையல் என்று சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டு, இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்துக் கிராமத்து வீடுபோல முகப்பு கட்டியது. தன் சமையல்காரர்கள் டஸ்கனியில் பயிற்சி பெறுவதாக விளம்பரம் செய்தது. ஒப்பீட்டை அழைத்துக்கொண்டவர்கள் ஒப்பிடப்படுவதைக் குறை சொல்ல முடியாது.

உண்மையான குறை அடுப்பில் இருக்கிறது. உலர்ந்த பாஸ்தாவைச் சமைப்பதற்கு இத்தாலிய வீடுகளில் ஒரு பொதுக் கணக்கு உண்டு: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. கொதிக்கும் நீரை மாவு உறிஞ்சும்போதே உப்பும் உள்ளே போக வேண்டும். வெந்த பிறகு சாஸில் எவ்வளவு உப்பைக் கூட்டினாலும் அது வெளியேதான் ஒட்டியிருக்கும். கடித்தால் உள்பக்கம் சப்பென்று இருக்கும். 2014 செப்டம்பரில், டார்டனின் பங்குகளை வைத்திருந்த ஸ்டார்போர்டு வேல்யூ என்ற முதலீட்டு நிறுவனம், ஆலிவ் கார்டன் பாஸ்தா நீரில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டது என்று ஓர் அறிக்கையில் அம்பலப்படுத்தியது. பாத்திரங்களுக்கு நீண்ட உத்தரவாதம் கிடைப்பதற்காகவாம். டஸ்கனியில் ரொட்டிக்குத்தான் உப்பில்லை, பாஸ்தா நீருக்கு உண்டு; டஸ்கனியின் பெயரைச் சொன்ன கடையில் அன்று எல்லாம் தலைகீழாக இருந்தது.

ஏறக்குறைய 300 பக்கம் நீண்ட அந்த அறிக்கை பிரெட்ஸ்டிக்கையும் விடவில்லை. ஆளுக்கு ஒன்று என்ற கணக்கைச் சர்வர்கள் பின்பற்றாமல் கூடையை நிரப்பிக் கொண்டுவருகிறார்கள், 7 நிமிடத்தில் ரொட்டி தன் பதம் இழக்கிறது, மீந்தது குப்பைக்குப் போகிறது என்பது அதன் வாதம். முதலீட்டாளரின் கவலை லாபத்தைப் பற்றியதுதான் என்றாலும், சொன்னது சமையல் அறிந்தவர் சொல்வது. ஆறிய ரொட்டி பத்தைவிடச் சூடான ரொட்டி இரண்டு மேல். தாராளம்தான் எங்கள் அடையாளம் என்று டார்டன் பதில் சொல்லிப் பார்த்தது. அக்டோபரில் பங்குதாரர்கள் 12 இயக்குநர்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், புதிய குழு வந்த பிறகும் அளவில்லாப் பிரெட்ஸ்டிக் அப்படியே நீடித்தது. அடுத்த ஆண்டே அதே ரொட்டியில் சாண்ட்விச்சும் செய்து விற்றார்கள்.

அளவில்லை என்ற ஏற்பாடு எந்தப் பண்டத்துக்குப் பொருந்தும் என்ற கேள்வி இங்கே எழுகிறது. தமிழ்நாட்டு ஓட்டலின் முழுச் சாப்பாட்டில் சோறும் சாம்பாரும் இரண்டு மணி நேரம் அண்டாவில் காத்திருந்தாலும் கெட்டுப்போவதில்லை; கேட்டவுடன் வாளியோடு வந்து விடலாம். சூப்பும் அந்த இனம்தான். மினஸ்ட்ரோனே நேரம் ஆக ஆகக் கூடிவரும். பாஸ்தா அப்படியில்லை. பல்லுக்குச் சற்றே தட்டுப்படும் பதத்தில் எடுத்து, சாஸில் புரட்டி, உடனே சாப்பிட வேண்டியது அது. சில நிமிடம் தவறினால் மாவு ஊறிக் குழைந்துவிடும். கூட்ட நேரத்தில் மேசைதோறும் இரண்டாவது, மூன்றாவது கிண்ணம் கேட்கும்போது ஒவ்வொன்றையும் புதிதாக வேகவைப்பது நடக்காது. அதனால் முன்கூட்டியே வேகவைத்து ஆறவைத்து, கேட்டதும் சூடான நீரில் முக்கி எடுத்து, மேலே சாஸை ஊற்றும் முறையைப் பெரிய உணவகங்கள் பலவும் கடைப்பிடிக்கின்றன. பாஸ்தாவும் சாஸும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடப்பது இதனால்தான். உப்பை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். இதை முடியாது, ஏனென்றால் இது அளவில்லை என்ற வாக்குறுதிக்குள்ளேயே இருக்கும் குறை.

இன்னொரு குறை வாடிக்கையாளர் கண்ணில் படாதது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். இந்தத் தொகை 1991 முதல் மாறவில்லை. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலரை எட்டாவிட்டால் மட்டும் மீதியை முதலாளி தர வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் இந்தச் சலுகையை ஒழித்துவிட்டன; பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் அது நீடிக்கிறது. டிப்ஸ் பில் தொகையில் விழுக்காடாகக் கணக்கிடப்படுவது. ஆக, சூப்புக்கு இரண்டு நடை, ரொட்டிக்கு மூன்று நடை, பாஸ்தாவுக்கு மறுபடி இரண்டு நடை என்று சர்வரின் உழைப்பு ஏறிக்கொண்டே போகும். பில் இருந்த இடத்திலேயே நிற்கும். வாடிக்கையாளருக்கு நிறுவனம் காட்டும் தாராளத்தில் ஒரு பங்கு சர்வரின் கூலியிலிருந்து போகிறது. 2014-இல் 100 டாலர் விலையில் 1,000 பேருக்கு விற்ற பாஸ்தா பாஸ் இதன் உச்சம். ஏழு வாரம் அளவில்லாமல் சாப்பிட வழிசெய்த அந்த அட்டைகள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. டிப்ஸ் அதில் சேர்க்கப்படவில்லை. அட்டையை நீட்டியவரின் பில்லில் பாஸ்தாவுக்கான தொகை பூஜ்யம். 15 விழுக்காடோ 20 விழுக்காடோ எதன்மேல் போடுவது என்பது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டது.