அகராதியும் ஆயத்தும்

மத்ரஸாவில் ஓதாத, ஆனால் அல்குர்ஆனை அறபு மூலத்திலேயே விளங்க விரும்பும் ஆர்வலர் கூட்டமொன்று எம்மிடையே உண்டு. ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், பொறியியலாளர்கள் எனப் பலரும் இதில் அடங்குவர். இவர்களது அலுமாரியில் ஹான்ஸ் வேரின் அகராதி இருக்கும். சற்று வசதியுள்ளவரிடம் லேனின் எட்டுப் பாகங்களும் இருக்கும். இலக்கணம் அரைகுறையானாலும் உசாத்துணை நூல்கள் மீது இவர்களுக்குள்ள காதல் முழுமையானது. இக்கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உரிமையோடுதான் இதனை எழுதுகிறேன்.

இந்த ஆர்வத்தை எள்ளி நகையாடும் மௌலவிமாரும் உளர். அது நியாயமன்று. எட்வர்ட் வில்லியம் லேன் லண்டனில் செதுக்குச் சித்திரத் தொழில் பயின்றவர். அகராதிப் பணிக்காக 1842இல் மீண்டும் கெய்ரோ சென்று ஏழாண்டுகள் தங்கினார். முர்தளா அஸ்ஸபீதியின் 'தாஜுல் அரூஸ்' அவருக்கு அடிப்படையாயிற்று. முதற்பாகம் 1863இல் வெளிவந்தது. 1876இல் அவர் மரணித்தபோது பணி 21ஆம் எழுத்தான 'காஃப்' வரையே வந்திருந்தது. எஞ்சியவற்றை அவரது குறிப்புகளிலிருந்து ஸ்டான்லி லேன்-பூல் 1893 வரை வெளியிட்டார். அல்குர்ஆன் சொல்லடைவான 'அல்முஃஜமுல் முஃபஹ்ர'ஸைத் தொகுத்த முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீ, வங்கியொன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவர். ஆக, உலமாக்களும் கையிலெடுக்கும் கருவிகளை இத்தகையோரும் செய்து தந்திருக்கிறார்கள்.

குறை ஆர்வத்தில் இல்லை; அகராதியை வாசிக்கும் முறையிலேயே உள்ளது. அதனைப் புடைவைக் கடையாக எண்ணி, பிடித்த பொருளைத் தெரிந்தெடுப்பதே எம்மவர் பலரின் வழக்கம்.

'ழரப' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். அடித்தல், பயணித்தல், உவமை கூறல், நாணயம் வார்த்தல் எனப் பல பொருள்களை அகராதி தரும். எது பொருந்தும் என்பதைக் கூட வரும் சொற்களே தீர்மானிக்கின்றன. 14:24இல் 'மஸல்' என்ற சொல்லோடு வருவதால் அது உவமை. 4:101இல் 'ஃபில் அர்ழி' என்பதோடு வருவதால் பயணம். 43:5இல் 'அன்' என்ற இடைச்சொல்லோடு வருவதால் விலக்கிக்கொள்ளல்.

2007இல் வெளிவந்த தமது ஆங்கில மொழிபெயர்ப்பில் லாலே பக்தியார், 4:34இல் வரும் இவ்வினைக்கு 'அவர்களை விட்டு விலகிச் செல்லுங்கள்' என்ற கருத்தைத் தந்தார். மனைவியருக்கு நீதி வேண்டும் என்ற அவரது கரிசனை மதிக்கத்தக்கது. ஆயினும், அங்கு 'அன்' இல்லை. வினை 'அவர்களை' என்பதை நேரடிச் செயப்படுபொருளாகக் கொள்கிறது. பெண்களுக்கான நீதியை இத்தகைய பலவீனமான சான்றில் கட்டினால், இன்னோர் அகராதியைத் திறப்பவர் அதனை இடித்துவிடுவார். 30:21 பேசும் அன்பும் கருணையும், எந்தப் பெண்ணையும் ஒருபோதும் கைநீட்டி அடிக்காத நபி (ஸல்) அவர்களின் வாழ்வும் அதற்கு வலுவான அத்திவாரங்களாக இருக்கின்றன.

இது தமிழர் அறியாத விடயமன்று. காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, கூடாரம் அடிக்கிறார்கள், நாணயம் அடிக்கிறார்கள் என்றெல்லாம் நாமும் சொல்கிறோம். தமிழ் கற்கும் ஓர் அறபி, 'பிள்ளைக்கு அடித்தான்' என்ற வாக்கியத்தில் கூடாரத்தைத் தேடினால் நமக்குச் சிரிப்பு வரும். அதே சிரிப்பை நாம் அறபிகளுக்கு வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

பைபிள் ஆய்விலும் இந்நோய் இருந்தது. சொல்லின் வேரைத் தோண்டி இறையியல் கட்டும் போக்கை 1961இல் ஜேம்ஸ் பார் கடுமையாக விமர்சித்தார். பொருள் வாக்கியத்திலேயே வாழ்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஹான்ஸ் வேரின் ஜெர்மன் அகராதிக்கு மில்டன் கோவன் தந்த ஆங்கிலப் பதிப்பும் அதே ஆண்டிலேயே வெளிவந்தது. எம்மவர் கோவனை வாங்கினர்; பாரை வாசிக்கவில்லை.

ராகிப் அல்இஸ்பஹானியின் 'முஃப்ரதாத்' எமக்கு நல்ல வழிகாட்டி. பயணத்தைப் பூமியில் கால்கள் அடிபடுவதாகவும், உவமையை நாணயம் அடிப்பதோடு தொடர்புபடுத்தியும் அவர் விளக்குகிறார். ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய ஆயத்தோடு வைத்தே பேசுகிறார்.

அகராதியை மூடிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பதிவு முழுவதையும் வாசியுங்கள். சொல்லடைவைக் கொண்டு அச்சொல் வரும் எல்லா இடங்களையும் பாருங்கள். அதன் பின்னர் பேசுங்கள். அப்போது எமது பேச்சுக்கு மௌலவியும் செவிசாய்ப்பார்.