பிளானில் தெரியாத லாஃப்ட்

டிரேசிங் தாளில் கையால் வரைந்த காலத்தில், வரைந்தது மட்டுமே படத்தில் இருந்தது. ரெவிட் போன்ற மென்பொருளில் நிலைமை தலைகீழ். அஸ்திவாரம் முதல் கைப்பிடிச் சுவர் வரை கட்டடம் முழுவதும் ஒரே மாடலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தளத்தின் பிளான் என்பது, அந்த மாடலில் எதையெல்லாம் காட்டாமல் விடுவது என்று நாம் எடுத்த முடிவுகளின் விளைவு. அந்த முடிவு விதியாக எடுக்கப்படுகிறதா, ஒவ்வொரு பொருளாகக் கையால் எடுக்கப்படுகிறதா என்பதை வைத்தே இந்த முறையை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் விதி வியூ ரேஞ்ச். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் தரையிலிருந்து 1200 மி.மீ. உயரத்தில் கட்டடத்தைக் கிடைமட்டமாக வெட்டி, அங்கிருந்து கீழே பார்க்கிறோம்; மேல் எல்லை 2300. கதவும் வழக்கமான ஜன்னலும் இந்த உயரத்தில் சரியாக வெட்டுப்படும். யார் வரைந்தாலும், எந்தத் தளமானாலும் ஒரே உயரம். கைவேலையில் இந்த ஒழுங்கைக் கொண்டுவரப் பெரும்பாடு படவேண்டியிருந்தது.

ஆனால் நம் வீடுகளில் முக்கியமான பல சமாச்சாரங்கள் அந்த 1200-க்கு மேலேதான் நடக்கின்றன. ஏழடி லிண்டல் மட்டத்தில் லாஃப்ட், சன்ஷேடு. குளியலறையில் உயரத்தில் வைக்கும் வென்டிலேட்டர். லாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஃப்ளோர் வகையில் மாடல் செய்தால் பிளானில் வரவே வராது. அதையே ஜெனரிக் மாடல் வகையில் செய்தால், வெட்டு மட்டத்துக்கு மேலே இருந்தாலும் மேல் எல்லைக்குள் வருவதால் தெரியும். ஆனால் தரையில் கிடக்கும் மேடைபோல முழுக்கோட்டில் தெரியும். மேலே இருப்பதைப் புள்ளிக்கோட்டில் காட்டுவது நம் வரைகலை மரபு. அது இரண்டு வழியிலும் தானாகக் கிடைப்பதில்லை. வெட்டு மட்டத்தையே 2200-க்கு உயர்த்திப் பார்க்கலாமென்றால், லிண்டலுக்கு மேலுள்ள சுவர்தான் வெட்டுப்படும். ஏழடி உயரக் கதவும் ஜன்னலும் இருந்த இடத்தில் முழுச்சுவர் வந்து நிற்கும்.

வென்டிலேட்டருக்கு நல்ல தீர்வு இருக்கிறது. அந்தச் சுவரைச் சுற்றி மட்டும் ஒரு பிளான் ரீஜன் போட்டு, அங்கே வேறு உயரத்தில் வெட்டலாம். லாஃப்டுக்கும் சன்ஷேடுக்கும் பலர் செய்வது, பிளானின்மேல் டீடெயில் லைனால் புள்ளிக்கோடு இழுத்துவிடுவது. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த வாரம் லாஃப்ட் எதிர்ச்சுவருக்கு மாறினால் மாடல் மாறும், கோடு பழைய இடத்திலேயே நிற்கும். சென்ட்ரிங் அடிப்பவர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அடிப்பார். ஒரே மாடலிலிருந்து எல்லாப் படமும் என்ற வாக்குறுதி அந்த இடத்தில் உடைந்துபோகிறது.

நம்மால் மாற்ற முடியாத விதிகளும் உண்டு. ஆறடிக்குக் குறைவான சுவர், வெட்டு மட்டம் அதன் ஊடாகப் போனாலும் வெட்டுப்பட்டதாகக் காட்டப்படாது. அதனால் ஐந்தடி காம்பவுண்ட் சுவர் அழுத்தமான கோடோ உள்நிரப்போ இல்லாமல், மேலிருந்து பார்த்த மெலிந்த கோட்டில் நிற்கிறது. காரணம் தெரியாமல் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் மணிக்கணக்கில் மல்லாடுகிறார்கள்.

இந்த முறையின் உண்மையான வலிமை வியூ டெம்ப்ளேட்டில் இருக்கிறது. அனுமதிக்குப் போகும் படத்தில் கட்டில், சோபா வேண்டாம். எலக்ட்ரிகல் படத்தில் சுவர் மங்கலாக இருந்தால் போதும். தீத்தடுப்புச் சுவர் தனி நிறத்தில் வரவேண்டும். இவையெல்லாம் வகைகளாகவும் ஃபில்டர்களாகவும் ஒரு டெம்ப்ளேட்டில் எழுதப்பட்டு, பெயர் சூட்டப்பட்டு, எல்லாத் தளங்களுக்கும் பொருந்துகின்றன. கதவை ஒருமுறை நகர்த்தினால் அத்தனை படங்களிலும் நகர்கிறது. ஆட்டோகேடில் லேயரை ஃப்ரீஸ் செய்து, பிரதி மேல் பிரதியாகச் சேமித்து, எது கடைசிப் பிரதி என்று தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். டெம்ப்ளேட்டின் தவறும் அதே வேகத்தில் பரவும் என்பது மெய்தான். ஜெனரிக் மாடல் வகையை ஒருவர் அணைத்தால், அந்த வகையில் செய்த லாஃப்ட் எல்லாத் தளங்களிலும் ஒரே நொடியில் மறையும். ஆனாலும் அது ஓரிடத்தில் நடந்த தவறு. அதே இடத்தில் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம்.

ஒரு பொருளைத் தேர்ந்து ஈ.எச். தட்டினால், அந்த வியூவில் மட்டும் அது மறைந்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் மறைத்தோம் என்று எங்கும் பதிவாவதில்லை. செக்‌ஷன் குறியையோ மற்றொரு குறிப்பின்மேல் ஏறி நிற்கும் கிரிட் குமிழையோ இப்படி மறைப்பதில் தவறில்லை. அவை படத்தின் அலங்காரம், கட்டடத்தின் பாகமல்ல. கதவையோ தூணையோ மறைப்பது வேறு விஷயம். மறைத்த கதவு மாடலில் இருந்துகொண்டே இருக்கும். கதவு அட்டவணை பதினைந்து என்று சொல்லும், பிளானில் எண்ணினால் பதினான்கு. தச்சர் அட்டவணையை நம்புவார், கொத்தனார் பிளானை நம்புவார்.

அலுவலகத்தில் இருப்பவர் ஆர்.எச். தட்டினால், மறைத்தவை கருஞ்சிவப்பு நிறத்தில் எழுந்து வரும். சைட்டில் வாட்ஸாப்பில் பி.டி.எஃப். பார்க்கும் இன்ஜினியருக்கு அந்த வசதி கிடையாது. இல்லாத தூணும் மறைத்த தூணும் அவர் கண்ணுக்கு ஒன்றே.

மாடல் பொருளைத் தனியாக மறைக்கத் தேவை வந்தால், அதற்கு ஒரு பாராமீட்டர் கொடுத்து ஃபில்டர் வழியாக மறைப்பதே சரி. இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஆனால் காரணம் ஃபில்டரின் பெயரிலேயே நிற்கும். ஷீட்டின் குறிப்பில் வெட்டு மட்டம் எத்தனை மி.மீ. என்று ஒரு வரி சேர்ப்பதையும் வழக்கமாக்கலாம். மென்பொருள் தயாரிப்பவர்களும் செய்யவேண்டியது இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய சுவர்களுக்கு ரெவிட் எச்சரிக்கைப் பட்டியல் தருகிறது. கையால் மறைத்தவற்றுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. ஒவ்வொரு வியூவாகத் திறந்து பார்க்கவேண்டும், அல்லது டைனமோவில் நாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதவேண்டும். எந்த வியூவில் எந்தப் பொருளை யார் மறைத்தார் என்ற பட்டியல், படத்தை வெளியே அனுப்பும் முன் திரையில் தானாக வந்து நிற்கவேண்டும்.