மூன்றாம் வேற்றுமையில் ஒரு மனிதர்: 'தி ரயில்வே மேன்' திரைப்படமும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

1. முன்னுரை

போர்க்கைதிகளைப் படையினர் கொடுமைப்படுத்தியதையும், அக்கொடுமை பல்லாண்டுகள் கழிந்த பின்னும் இருதரப்பாரையும் விடாது தொடர்வதையும் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பல உள. அவற்றுள் 2013-இல் ஜோனதன் டெப்லிட்ஸ்கி இயக்கத்தில் வெளிவந்த 'தி ரயில்வே மேன்' மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தனித்து நோக்கத்தக்கது. அதில் கைதியின் நினைவை நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆட்டிப்படைப்பவர் அடித்தவர் அல்லர். ஆணையிட்ட அதிகாரியும் அல்லர். இருவர்க்கும் இடையே நின்று மொழிபெயர்த்தவர். கொடுமை நிகழ்ந்த அறையில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு யாது என்னும் வினாவை இப்படம் எழுப்புகிறது. அவ்வினாவைத் தமிழ் இலக்கணத்தின் வேற்றுமைக் கோட்பாட்டைத் துணையாகக் கொண்டு அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

நேரில் நின்று வாய்மொழியாக மொழிபெயர்ப்பவரை இக்கட்டுரை 'துபாசி' என்னும் பழஞ்சொல்லால் குறிக்கிறது. இருமொழியாளர் என்பது இச்சொல்லின் பொருள். ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை போன்ற துபாசிகள் மொழிபெயர்த்ததோடு நின்றாரல்லர். வாணிகத் தரகராகவும் ஆளுநர்க்கு ஆலோசகராகவும் விளங்கினர். சொல்லைக் கடத்துபவர் செயலிலும் பங்குடையவர் என்பதைத் தமிழர் வரலாறே காட்டும்.

2. கதையும் வரலாறும்

எரிக் லோமாக்ஸ் பிரிட்டிஷ் படையின் தொலைத்தொடர்புப் பிரிவு அதிகாரி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். சயாமின் பான்போங் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கி.மீ. நீளத்திற்கு ஜப்பானியர் அமைத்த இருப்புப்பாதைப் பணிக்கு அனுப்பப்பட்டார். 1943-இல் காஞ்சனபுரி முகாமில் கைதிகள் மறைவாக இயக்கிய வானொலிக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது. லோமாக்ஸ் வரைந்து வைத்திருந்த இருப்புப்பாதை வரைபடமும் அகப்பட்டது. அவர் கடுமையாகத் தாக்கப்பட்டுக் கைகள் முறிந்த நிலையில், கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவற்படையின் விசாரணைக்கு உள்ளானார். அவ்விசாரணையில் நீர்ச்சித்திரவதையும் இடம்பெற்றது. அங்குத் துபாசியாக இருந்தவர் நகாசே தகாஷி.

போர் முடிந்ததும் நகாசே, இறந்த கைதிகளின் புதைகுழிகளைத் தேடிய நேசநாட்டுக் குழுவிற்கும் துபாசியானார். பின்னர்த் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழுவாய்ப் பணிகளில் செலவிட்டார். 1993-இல் க்வாய் ஆற்றுப் பாலத்தருகே இருவரும் சந்தித்தனர். லோமாக்ஸின் தன்வரலாறு 1995-இல் வெளிவந்தது. நகாசே 2011-இலும் லோமாக்ஸ் 2012-இலும் மறைந்தனர்.

திரைப்படத்தில் இளம் லோமாக்ஸாக ஜெரமி இர்வினும் முதிய லோமாக்ஸாகக் காலின் ஃபர்த்தும், இளம் நகாசேயாகத் தன்ரோ இஷிதாவும் முதிய நகாசேயாக ஹிரோயுகி சனாதாவும் நடித்துள்ளனர். படம் வரலாற்றைச் சுருக்கியும் மாற்றியும் அமைத்துள்ளது. அம்மாற்றங்களுள் ஒன்று நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அது பின்னர்க் கூறப்படும்.

3. கருவியா, கருத்தாவா, உடனிகழ்ச்சியா?

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் மூன்று. 'வாளால் வெட்டினான்' என்பதில் 'ஆல்' கருவிப்பொருளது. 'அவனால் வெட்டப்பட்டது' என்பதில் அதே 'ஆல்' கருத்தாப்பொருளது. 'தாயொடு குழந்தை வந்தது' என்பதில் 'ஒடு' உடனிகழ்ச்சிப்பொருளது. பில்மோர் 1968-இல் முன்வைத்த வேற்றுமை இலக்கணம் இவற்றை வெவ்வேறு ஆழ்நிலை உறவுகளாகப் பிரிக்கும். தமிழ் மரபோ ஒரே வேற்றுமையின்கண் இவற்றை அடக்குகிறது. ஓர் உருபு தன்னளவில் கருவியையும் கருத்தாவையும் பிரித்துக் காட்டாது என்பதே இதன் உட்பொருள். பெயரின் தன்மையும் வினையும் சூழலுமே அதனை முடிவு செய்யும்.

'லோமாக்ஸ் நகாசேயால் விசாரிக்கப்பட்டார்' என்னும் தொடரை நோக்குக. இங்கு 'ஆல்' எப்பொருளது? நகாசேயின் தற்காப்பு அது கருவிப்பொருளது என்பதாம். தாம் கேட்டது அதிகாரியின் வினா. தம் வாய் அதற்கு வழி மட்டுமே என்பது அவர் நிலை. லோமாக்ஸின் குற்றச்சாட்டு அது கருத்தாப்பொருளது என்பதாம். கைதியின் செவியில் விழுந்த ஆங்கிலச் சொற்கள் அத்தனையும் நகாசேயின் குரலில் வந்தவை. ஜப்பானிய அதிகாரியின் வினா அவருக்கு வெற்றொலி; துபாசியின் வினாவே வினா. அச்சுறுத்தல் என்னும் பேச்சுச்செயல் கேட்போர்க்குப் புரிந்தாலன்றி நிறைவேறாது. எனவே அச்சுறுத்தலை நிறைவேற்றியவர் துபாசியே எனல் பொருந்தும்.

கோஃப்மன் 1981-இல் பேசுவோரை ஒலிப்பவர், சொற்களை அமைப்பவர், கருத்திற்கு உரியவர் என மூவகையாகப் பிரித்தார். துபாசி இவற்றுள் முதல்வகையினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படுவார். ஆனால் சொற்களைத் தேர்ந்து அமைப்பவரும் அவரே. தமிழ் இலக்கணமும் கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இரண்டாக்கும். அரசன் கட்டிய கோயிலைத் தச்சனும் கட்டினான். அரசன் ஏவினான் என்பதால் தச்சன் உளியாகிவிடுவதில்லை. நகாசே தம்மை உளி என்கிறார்; லோமாக்ஸ் அவரைத் தச்சன் என்கிறார். படத்தின் முரண் முழுவதும் இதில் அடங்கும்.

இவ்வினா ஏட்டளவினதன்று. ஏவலுக்குக் கீழ்ப்படிந்தமை குற்றத்திலிருந்து விடுவிக்காது, தண்டனையைக் குறைக்கவே கருதப்படலாம் என்பது 1945-இன் நியூரம்பர்க் நீதிமன்றச் சாசனத்தின் நிலை. சிங்கப்பூரில் 1946-இல் நடந்த 'இரட்டைப் பத்து' வழக்கில் கெம்பெய்தாய் அதிகாரிகளோடு துபாசிகளும் குற்றஞ்சாட்டப்பட்டோராய் நின்றனர். மறுபுறம், 1949-இன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 17-ஆம் விதி, போர்க்கைதியை அவருக்குப் புரியும் மொழியிலேயே வினவுதல் வேண்டும் என்கிறது. அவ்விதியே சித்திரவதையையும் அச்சுறுத்தலையும் விலக்குகிறது. அங்ஙனமாயின், கைதியின் காப்பாக அமையவேண்டிய துபாசி, இங்குக் கொடுமையின் உறுப்பாகிறார்.

4. மொழிபெயர்க்கவியலாத விடை

வரைபடம் ஏன் வரைந்தாய் என்பது விசாரணையின் மைய வினாக்களுள் ஒன்று. தாம் இருப்புப்பாதைகள்மீது ஆர்வமுடையவர் என்பதே லோமாக்ஸின் உண்மையான விடை. புகைவண்டிகளையும் தடங்களையும் பொழுதுபோக்காகப் பயின்று மகிழ்வது பிரிட்டிஷ் வாழ்வில் அறிமுகமான ஒன்று. விசாரணை அறையில் அவ்விடை நம்பத்தகாததாகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும், அச்சொல் குறிக்கும் வாழ்முறை கேட்போரிடம் இல்லாதவிடத்து, உண்மை பொய்யாகவே சென்று சேரும்.

தமிழாக்குவோர்க்கும் இவ்விடர் உண்டு. படத்தின் தலைப்பை 'ரயில்காரர்' என்றால் இரயில்வே ஊழியர் என்றே பொருள்படும். 'இரயில் பித்தர்' என்றால் நகைச்சுவை தொனிக்கும். தலைப்பில் தவறினால் ஒரு சொல் கெடும். விசாரணையறையில் தவறினால் எலும்பு முறியும். துபாசி அவ்விடையை நம்பினாரா என்பதும் அதனை எத்தொனியில் கடத்தினார் என்பதும் அங்கு உயிர்நிலையானவை. தொனிக்கு ஏவுதற்கருத்தா இல்லை, அது துபாசியினுடையதே.

5. நீயும் நீங்களும்

இப்படத்திற்குத் தமிழில் உரையாடல் எழுதுவோர் எதிர்கொள்ளும் பெருஞ்சிக்கல் முன்னிலைப் பெயராகும். ஜப்பானிய மொழியில் முன்னிலையைக் குறிக்கும் சொற்கள் பல. 'கிசாமா' போன்றவை இழிவுக்குரியன. ஒரு காலத்தில் அது உயர்வுச்சொல்லாயிருந்து பின்னர் வசையாயிற்று. அதிகாரியின் வாயில் எச்சொல் வந்தாலும் துபாசியின் ஆங்கிலத்தில் அது ஒரே முன்னிலைப் பெயராகிவிடும். அது உயர்வும் தாழ்வும் காட்டாது. எனவே இழிவு முழுவதும் குரலிலும் உடலசைவிலும் இறங்குகிறது.

தமிழ் இவ்வொதுக்கத்திற்கு இடந்தராது. 'நீ', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். சித்திரவதைக் காட்சியில் துபாசி 'நீ' என்பார் என்பதில் ஐயமில்லை. பின்னைய சந்திப்பிலோ நிலைமை வேறு. பழைய விசாரணை இடத்திலேயே லோமாக்ஸ் வினவுபவராகவும் நகாசே விடை கூறுபவராகவும் இடம் மாறுகின்றனர். முதியவராகிய நகாசேயை லோமாக்ஸ் 'நீ' என விளித்தால், அன்று தமக்கு இழைக்கப்பட்ட இழிவைத் திருப்பித் தருகிறார் எனப் பொருள்படும். 'நீங்கள்' என விளித்தால், சினம் அகலுமுன்னே மதிப்பு வந்துவிடும். ஆங்கில மூலத்தில் புலப்படாத ஒரு கணம், அதாவது 'நீ' என்பது 'நீங்கள்' ஆகும் கணம், தமிழில் எங்கேனும் நிகழ்ந்தாக வேண்டும். அதனைச் சினம் தணியும் காட்சிக்கு முன்னரே வைத்தால் படத்தின் இறுதி வலுவிழக்கும். அவ்விடத்தை முடிவு செய்பவர் மொழிபெயர்ப்பாளர். ஆகவே அவரும் இங்குக் கருவியல்லர்.

6. வினைமுதல் மறைந்த தொடர்கள்

செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியம் ஏற்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மெழுகியவர் தொடரில் இல்லை. திண்ணை தானே மெழுகிக்கொண்டதுபோல் நிற்கிறது. அன்றாட வழக்கில் இதனால் தீங்கில்லை. போரைப் பற்றிய பேச்சிலோ இவ்வமைப்பு பழியை மறைக்கும் திரையாகிறது. 'பலர் இறந்தனர்', 'பலர் கொல்லப்பட்டனர்', 'நீங்கள் பலரைக் கொன்றீர்கள்' என்னும் மூன்று தொடர்களும் ஒரே நிகழ்ச்சியைக் கூறலாம். ஆயின் முதலாவதில் கொன்றவர்க்கு இடமே இல்லை; இரண்டாவதில் இடம் உண்டு, பெயர் இல்லை; மூன்றாவதில் அவர் முன்னிலையில் நிற்கிறார். லோமாக்ஸும் நகாசேயும் எதிரெதிர் அமரும் காட்சியின் அழுத்தம், முதல் தொடரிலிருந்து மூன்றாம் தொடருக்கு நகாசேயை நகர்த்துவதிலேயே உள்ளது. அவர் மொழியறிந்தவர், சொல்லின் எடையை அறியேன் என அவர் கூறவியலாது.

முன்னர்க் குறித்த மாற்றத்தை இங்குக் கூறுதல் தகும். படத்தில் லோமாக்ஸ், நகாசே உயிருடன் இருப்பதை அறிந்து, பழிவாங்கும் எண்ணத்தோடு, எதிர்பாராத வகையில் அவர்முன் தோன்றுகிறார். வரலாற்றில் சந்திப்புக்கு முன்னே கடிதங்கள் நிகழ்ந்தன. நகாசே தம் நினைவுகளை எழுதிய சிறு நூலின் ஆங்கில வடிவத்தை லோமாக்ஸும் அவர் துணைவியார் பட்ரீஷியாவும் படித்தனர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது தாம் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தமையை நகாசே அதில் குறிப்பிட்டிருந்தார். குறிப்பிட்ட அந்தக் கைதி இன்னும் மன்னியாதிருக்க, அவர் அங்ஙனம் உணர்தல் எவ்வாறு இயலும் என வினவி, 1991-இல் பட்ரீஷியா அவருக்கு எழுதினார்.

இவ்வினா, இலக்கண அளவில், செயப்பாட்டு வினையில் விடுபட்ட கருத்தாவைக் கேட்கும் வினா. 'மன்னிக்கப்பட்டேன்' என்பது நிறைவான தொடர்தான், ஆனால் 'யாரால்?' என்னும் வினா அதனுள் உறங்குகிறது. அதனை எழுப்பியது ஒரு கடிதம். பின்னர்ச் சந்திப்பும், அதன்பின் லோமாக்ஸ் மன்னிப்பை எழுத்தில் அளித்தமையும் அவ்வினாவிற்கான விடைகளே. படத்திலும் மன்னிப்புக் கடிதம் உண்டு. ஆயின் அதற்கு முந்திய கடிதங்களை நீக்கிக் கத்தியை வைத்ததனால், இருமொழியாளர் ஒருவர் சொல்லாலேயே எதிர்கொள்ளப்பட்ட அரிய நாடகம் நழுவிற்று. இது படத்தின் பெருங்குறை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

7. துபாசி வாய்க்காதவர்கள்

இருப்புப்பாதைப் பணியில் ஈடுபடுத்தப்பட்ட நேசநாட்டுக் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். இறந்தோர் 12,000-க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கைதிகளின் கல்லறைகளில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை. மலேசியத் தமிழரின் நினைவிலும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். இப்படத்தின் கதைமையத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஓர் அதிகாரியின் தன்வரலாற்றைத் தழுவிய படத்திடம் அனைத்தையும் எதிர்பார்த்தல் முறையன்று. எனினும் 'யாரால் மன்னிக்கப்பட்டேன்?' என்னும் வினாவை அவர்கள்பாற் செலுத்தினால், விடைகூறப் பெயருடைய ஒருவரும் முன்வர இயலாது என்பதை மறத்தலும் முறையன்று.

8. முடிவுரை

துபாசி கருவியா, கருத்தாவா என்னும் வினாவிற்கு நகாசேயின் வாழ்வே ஒருவகை விடை தருகிறது. முற்றும் கருவியாய் இருந்தவர்க்குக் கழுவாய் தேவையில்லை; உளி வருந்துவதில்லை. அவர் வருந்தினார் என்பதே அவர் தம்மை இயற்றுதற்கருத்தா எனத் தாமே ஏற்றுக்கொண்டமைக்குச் சான்று. இறுதியில் பாலத்தருகே இருவரும் நிற்கும் நிலை மூன்றாம் வேற்றுமையின் எஞ்சிய பொருளாகிய உடனிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. ஆயின் கருத்தா என்னும் பொருளை ஏற்காமல் அவ்விடத்தை அவர் எய்தியிருக்க முடியாது.

பொறுத்தல் என்பதும் பொறுப்பு என்பதும் தமிழில் ஒரே வேரினின்று கிளைத்தவை. மன்னிப்பவரும் பொறுக்கிறார், பழியை ஏற்பவரும் பொறுக்கிறார். மொழிபெயர்ப்புப் பயிற்சி தரும் நம் துறைகளில் நடுநிலை, சொற்செம்மை ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. எந்த வினாவைத் தம் வாயால் கேட்க மறுத்தல் வேண்டும் என்பதும் பாடமாதல் வேண்டும். அப்பாடத்திற்கு இப்படம், தன் குறைகளோடும், ஏற்றதொரு தொடக்கமாக அமையும்.