புல்லை அறுக்கும் உருளை

புணே நகரின் சிங்ககட் சாலையில், ஜப்பானின் ஒகயாமாவிலுள்ள கொராகுவென் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த பு. ல. தேஷ்பாண்டே பூங்காவின் புல்வெளியைக் கண்டவர்கள், தம் வீட்டு முற்றத்திலும் அத்தகைய பசும்பரப்பை விரும்பும்போது, அதைப் பேணும் கருவி எது என்னும் கேள்வி எழுகிறது. 1830-இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேலிழைகளைச் சீராக்கும் ஆலை இயந்திரத்திலிருந்து உருவாக்கிய உருளைவெட்டி, அதாவது சுருள்வடிவக் கத்திகள் சுழன்று அடியிலுள்ள நிலைத்த அலகோடு உரசிச் செல்லும் பொறி, புல்லின் நுனியைக் கிழிக்காமல் கத்தரிக்கோலைப் போல் நறுக்குகிறது. அந்த வெட்டின் தூய்மையே அதன் அழகு. சுழல்தகட்டு இயந்திரமோ வேகத்தால் அடித்து அறுப்பதால், தகடு மழுங்கினால் நுனிகள் பிய்ந்து பழுப்பேறுகின்றன. எனினும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையில் புல் நெடிதுயரும்போது உருளைவெட்டி திணற, சுழல்தகட்டு இயந்திரமே கைகொடுக்கிறது. ஈரத்தில் மின்கம்பி இழுத்துச் செல்வது உயிருக்கே ஆபத்து என்பதால் மின்கல இயந்திரம் மேலானது. கம்பியுள்ளதை வைத்திருப்போர் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச்சாதனத்தை அவசியம் பொருத்த வேண்டும். ஓரங்களைச் சீவும் நைலான் நரம்புக் கருவி, இளமரங்களின் பட்டையை வளையமாக உரித்து அவற்றைக் கொன்றுவிடக்கூடும். எவ்வியந்திரமாயினும், ஒருமுறையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. சமதளமான சிறு முற்றத்துக்கு, கூர் தீட்டிய கைத்தள்ளு உருளைவெட்டி ஒன்றே போதுமானது.