துறவியும் தாயும்: மூன்று வரலாறுகள் பற்றிய ஒரு திறனாய்வு

இந்து சமயத் துறவு பற்றி நம் பிரசங்க பீடங்களில் வழங்கிவரும் கருத்து ஒன்றுண்டு. துறவி உலகை வெறுத்து ஓடியவன். குடும்பப் பொறுப்பைத் தட்டிக் கழித்தவன். கிறிஸ்தவனோ உலகினுள் நின்று அன்பு செய்கிறவன் என்பதே அது. இவ்வாறு கூறுவது எளிது. கேட்போருக்கும் மனநிறைவு தரும். ஆயினும் இக்கருத்து, துறவியரைப் பற்றி அம்மரபே போற்றிக் காத்துவந்துள்ள வரலாறுகளோடு பொருந்துகிறதா? அவ்வரலாறுகளை நம்மில் எத்தனை பேர் கவனமாகப் படித்திருக்கிறோம்? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, மூன்று துறவியரின் வரலாறுகளை ஒரே கோணத்திலிருந்து, அதாவது அவர்களுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் இருந்த உறவு என்னும் கோணத்திலிருந்து, இங்கு ஆராய முற்படுகிறோம்.

1. துறவின் சட்டமும் அதன் சிக்கலும்

துறவு எப்பொழுது தகும் என்பதில் வடமொழி நூல்கள் ஒருமனப்பட்டவை அல்ல. ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பிதிரர்களுக்கும் உரிய மூன்று கடன்களைத் தீர்த்த பின்னரே ஒருவன் வீடுபேற்றில் மனத்தைச் செலுத்த வேண்டும் என்பது மனுநூலின் ஆறாம் அதிகாரத்தின் நிலை. வைராக்கியம் என்று பிறக்கிறதோ அன்றே புறப்படலாம் என்பது ஜாபால உபநிடதத்தின் நிலை. ஒன்று குடும்பத்தின் உரிமையைக் காக்கிறது. மற்றது அழைப்பின் அவசரத்தைக் காக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள இழுபறி இந்து சமயச் சிந்தனையினுள்ளேயே நெடுங்காலமாக நடைபெற்று வருவதாகும். அதனை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

முறைப்படி துறவு ஏற்கிறவன் தனக்குத் தானே ஈமச்சடங்கைச் செய்துகொள்கிறான். அக்கினி காரியங்களைக் கைவிடுகிறான். உலக வழக்கில் அவன் இறந்தவன். இறந்தவன் பிறருக்கு எவ்வாறு கொள்ளி வைக்க இயலும்? ஆகவே பெற்றோரின் இறுதிக் கடனைச் செய்யும் உரிமை அவனுக்கு இல்லை. எனினும் துறவியைத் தந்தையும் வணங்கலாம், ஆனால் துறவி தன் தாயை வணங்க வேண்டும் என்றொரு மரபும் வழங்கிவருகிறது. சட்டம் முழுவதும் மூடிய கதவில் ஒரு சிறு திறப்பு விடப்பட்டுள்ளது. அத்திறப்பின் வழியாகவே நம் மூன்று வரலாறுகளும் நுழைகின்றன.

2. காலடியில் எரிந்த தீ

சங்கரருடைய வாழ்க்கையைக் கூறும் நூல்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எழுந்தவை. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது மாதவீய சங்கர விஜயம். தந்தையை இழந்த சிறுவன். கைம்பெண்ணாகிய தாய் ஆர்யாம்பாள். ஆற்றில் முதலை காலைப் பற்றுகிறது. துறவுக்கு இசைவு தந்தால்தான் உயிர் பிழைப்பேன் என்று மகன் கூறத் தாய் இசைகிறாள். தன் இறுதிக் காலத்தில் வந்து கடன் செய்வதாக அவன் வாக்களித்துப் புறப்படுகிறான். பின்னர் அவ்வாறே வருகிறான். துறவிக்கு இவ்வுரிமை ஏது என்று உறவினர் உதவ மறுக்கின்றனர். அவன் தனியனாய் நின்று, வீட்டின் புறத்திலேயே தாயின் உடலுக்குத் தீ மூட்டுகிறான், மறுத்தவர்களைச் சபிக்கிறான்.

பழைய ஏற்பாட்டை ஆராய்ந்து பழகிய நமக்கு இக்கதையின் ஓர் இயல்பு உடனே புலப்படும். வீட்டு வளாகத்திலேயே பிணத்தை எரிக்கும் நம்பூதிரி வழக்கத்திற்குக் காரணங்கூறும் கதையாகவும் இது அமைந்துள்ளது. ஆகவே நிகழ்ச்சி நடந்தது நடந்தவாறு இங்கு கிடைக்கிறது என்று கொள்வதற்கில்லை. ஆனால் மரபு எதைக் காக்க விரும்பியது என்பது தெளிவாகவே கிடைக்கிறது. உலகம் மாயை எனக் கற்பித்தவராகப் போற்றப்படும் ஆசாரியரை, அவரைப் பின்பற்றியவர்களே தாயின் சிதையருகில் சட்டத்தை மீறியவராக நிறுத்தியிருக்கிறார்கள். இது அவருக்கு இழுக்கு என்று அவர்கள் கருதவில்லை. பெருமை என்றே கருதினார்கள்.

அதே வேளையில் முதலைக் கதையைச் சற்று நின்று நோக்க வேண்டும். மகனின் உயிரா, துறவா என்ற நிலையில் பெறப்பட்ட இசைவு எத்தகைய இசைவு? தாய்க்கு வேறு வழி விடப்படவில்லை. கதை இதனை உணர்ந்திருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. அவ்வாறு பெற்ற இசைவிற்கு ஈடாகத்தான் வாக்குறுதி ஒன்றை மகனிடமிருந்து அது வாங்கிவைக்கிறது.

3. வாழை மட்டையும் பாடலும்

பட்டினத்தார் பற்றிய ஆய்வில் முதலில் ஒன்றைக் கூறிவிடுதல் வேண்டும். பதினோராம் திருமுறையில் இடம்பெறும் ஐந்து நூல்களைப் பாடிய பட்டினத்துப் பிள்ளையார் ஒருவர். சித்தர் மரபை ஒட்டிய எளிய பாடல்களைப் பாடியவர் காலத்தால் பிற்பட்ட வேறொருவர் என்பது ஆய்வாளர் பலருடைய முடிவு. மக்கள் அறிந்த வரலாறு இவ்விருவரையும் ஒருவராக்கி விட்டது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் திருவெண்காடர், மனைவி சிவகலை, வளர்ப்பு மகன் மருதவாணன், காதில்லாத ஊசியோடு வந்த ஓலை, அன்றே துறவு. தாய் இறந்தபோது திரும்பிவந்து, அடுக்கியிருந்த விறகை நீக்கிப் பச்சை வாழை மட்டைகளை அடுக்கி, பாடிய பாடலாலேயே தீ மூளச் செய்தார் என்பது கதை. அவ்வேளையில் பாடியனவாக வழங்கும் பத்துப் பாடல்களும் தமிழ்நாட்டில் இன்றும் இழவு வீடுகளில் கேட்கப்படுகின்றன.

இப்பாடல்களின் ஆற்றல் எங்கே உள்ளது? சுமந்தது, பாலூட்டியது, தாலாட்டியது என ஒரு தாயின் உடல் செய்த பணிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வதில் உள்ளது. ஆனால் இதே பெயரால் வழங்கும் பிற பாடல்கள் உடலை, சிறப்பாகப் பெண்ணின் உடலை, அருவருப்புக்குரியதாகப் பழிப்பதை நாம் அறிவோம். ஒரே வாய் பெண்ணுடலைப் பழிக்கிறது. ஒரே வாய் அதனைத் தொழுது அழுகிறது. இம்முரண்பாட்டைப் பாடியவர் பலர் என்று கூறித் தீர்த்துவிடலாம். அஃது உண்மையாகவும் இருக்கலாம். எனினும் அவை அனைத்தையும் ஒருவர் வாயிலேயே வைத்துக் கேட்ட மக்கள் இம்முரணைத் தாங்கிக்கொண்டார்கள். பழிப்புப் பாடல்களுக்கு மறுப்பாக இருக்கத்தக்க வலிமை, தாயின் சிதையருகில் பாடிய பத்துப் பாடல்களுக்கு உண்டு என்று அவர்கள் உணர்ந்திருக்கலாம்.

ஆனால் திறனாய்வு இங்கு நின்றுவிடலாகாது. தாய்க்காக மகன் திரும்பினான். மனைவிக்காகத் திரும்பியவன் யார்? சிவகலைக்கு நேர்ந்தது என்ன என்பதில் கதைக்கு அக்கறை இல்லை. பெற்றவளுக்குக் கடன் உண்டு, மணந்தவளுக்கு இல்லை என்பது போல வரலாறு நகர்ந்துவிடுகிறது. மேலும், தாய்க்குத் தீ கொடுக்க வந்த மகன், அவள் உயிரோடிருந்த நாட்களில் சோறு கொடுக்க வந்தானா? சங்கரர் வரலாற்றிற்கும் இவ்வினா உரியதே. இவ்விரு கதைகளிலும் தாயின் இறுதியை ஒட்டியே மகன் வருகிறான்.

4. மலைக்குகையில் ஓர் அடுப்பு

மூன்றாவது வரலாறு நமக்கு நெருங்கிய காலத்தது; புராணப் போர்வை குறைந்தது. 1896ஆம் ஆண்டு மதுரையை விட்டுத் திருவண்ணாமலை சேர்ந்தார் வேங்கடராமன் என்ற பதினாறு வயது மாணவர். பின்னர் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றார். அவர் எவரிடமும் தீட்சை பெறவில்லை. முறைப்படி காவி வாங்கியவரும் அல்லர். 1898இல் தாய் அழகம்மாள் பவழக்குன்றில் வந்து அழுது அழைத்தபோது அவர் வாய் திறக்கவில்லை. அவரவர் வினைப்படியே நடக்கும், முயன்று தடுப்பதற்கில்லை என்ற கருத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

வரலாறு அத்துடன் முடிந்திருந்தால், நம் பிரசங்க பீடத்துக் கருத்துக்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டாகியிருக்கும். ஆனால் 1914இல் தாய் மலைக்கு வந்திருந்தபோது கடுங்காய்ச்சலில் விழுந்தார். விதியே நடக்கும் என்று எழுதிய அதே கை, தாயின் நோய் தீர அருணாசலனை வேண்டும் பாடலை எழுதியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மூத்த மகனை முன்னரே இழந்திருந்த அழகம்மாள் நிலையாகவே மகனிடம் வந்து சேர்ந்தார். பிச்சையேற்று உண்டவர்களின் இருப்பிடத்தில் அடுப்பு மூண்டது. அப்பளம் இடுவதற்குத் தாய் உதவி கேட்டபோது மகன் அச்செயலையே ஞானத்திற்கு உவமையாக்கி ஒரு பாட்டு எழுதித் தந்தார் என்பர். கை உதவி கேட்டவளுக்குக் கவிதை கிடைத்தது என்று நாம் குறைகூறலாம். ஆனால் பிற்காலத்தில் அவரே பல ஆண்டுகள் விடியற்காலையில் ஆசிரமச் சமையற்கூடத்தில் காய் நறுக்கினார் என்பதையும் உடன் கூறுவதே நேர்மை.

1922 மே 19ஆம் நாள் தாய் இறந்தார். அன்று முழுவதும் மகன் ஒரு கையை அவர் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்து அருகிருந்தார். உடல் எரிக்கப்படவில்லை, ஞானியர்க்குரிய முறையில் மலையடியில் சமாதி வைக்கப்பட்டது. பெண்ணுக்கு இது தகுமா என்ற வினா 1917இல் தொகுக்கப்பட்ட ரமண கீதையில் முன்னரே எழுப்பப்பட்டிருந்தது. வினவியவரும் ஒரு பெண்ணே. தகும் என்பதே ரமணர் விடை. அச்சமாதியைச் சுற்றியே இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது. அதன்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்தின் குடமுழுக்கு 1949இல் நடைபெற்றது. தாயை விட்டுப் புறப்பட்டவரின் ஆசிரமம் தாயின் கல்லறைமேல் நிற்கிறது. முதலிரு வரலாறுகளில் தாய் மகனின் கடனாக இருக்கிறாள். இங்கு அவள் சீடராகவும் உடன் வாழ்பவராகவும் ஆகிறாள். மகன் வீடு திரும்பவில்லை. தாய் குகைக்கு வந்தாள். அந்த நடையின் செலவை ஏற்றவள் அவளே என்பதை மட்டும் நாம் மறக்கலாகாது.

5. நமக்கு நேரான வினா

இவ்வரலாறுகளைக் கொண்டு கிறிஸ்தவத்தின் உயர்வை நிறுவ முயல்வோர் சற்றுத் தயங்க வேண்டும். தாயும் சகோதரரும் வெளியே நின்று அழைக்க, இயேசு உள்ளே இருந்தவர்களையே தம் உறவினராகச் சுட்டினார் (மாற்கு 3:31-35). தகப்பனை அடக்கம்பண்ண விடை கேட்டவனுக்கு விடை கிடைக்கவில்லை (லூக்கா 9:59-60). செபெதேயு படகிலேயே விடப்பட்டான் (மாற்கு 1:20). அவனுக்காக எவர் திரும்பினர் என்று சுவிசேஷம் கூறவில்லை. சிவகலையைப் பற்றிக் கேட்ட கேள்வியை இங்கும் கேட்காமல் விடுவது நீதியன்று. பேதுருவின் மனைவியைக் குறித்து நான்கு சுவிசேஷங்களும் மௌனமாயிருக்கின்றன. கேபா தன் மனைவியோடு பயணம் செய்ததைப் பவுல் போகிற போக்கில் குறிப்பிடுவதால்தான் (1 கொரிந்தியர் 9:5) அவள் கைவிடப்படவில்லை என்றாவது அறிகிறோம்.

ஆயினும் நற்செய்தியில் வேறொரு குரலும் உண்டு. பெற்றோருக்குரியதைக் கடவுளுக்குக் கொர்பான் என்று கூறி மறுப்பவர்களை இயேசு வன்மையாகக் கண்டித்தார் (மாற்கு 7:9-13). உறவைவிட அழைப்புப் பெரிது என்றவரே, அழைப்பைச் சாக்காக்குவதை வெறுத்தார். சிலுவையிலோ, தம் தாய் இனி எந்த வீட்டில் இருப்பாள் என்பதற்கு அவர் வழி செய்தார் (யோவான் 19:26-27). இறந்துகொண்டிருந்தவர் மகனே, வாழவேண்டியவள் தாய். கொள்ளிக் கடனைப் பற்றிய பேச்சு அங்கு இல்லை. அவளுடைய நாளைய வீடும் உணவுமே அங்கு கவனம் பெறுகின்றன.

நம் சீர்திருத்த மரபிலும் இதே முள் தைத்திருக்கிறது. 1505இல் தந்தையின் விருப்பத்திற்கு மாறாக மடம் புகுந்தார் மார்ட்டின் லூத்தர். 1521இல் துறவு வாக்குறுதிகளை எதிர்த்து எழுதிய நூலைத் தந்தை ஹான்ஸ் லூத்தருக்கே காணிக்கையாக்கி, பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளையை மீறி ஏற்ற வாக்குறுதி அது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தந்தையிடமே திரும்பிவிடவும் இல்லை. தம்மை மடத்திலிருந்து விடுவித்தவர் கிறிஸ்துவே ஆதலால், கிறிஸ்துவின் ஊழியத்திற்கே தாம் உரியவர் என்று எழுதினார். சீர்திருத்தம் இவ்வினாவை முடித்துவிட்டது என்று நாம் எண்ணுவோமானால், லூத்தரையே நாம் சரியாகப் படிக்கவில்லை என்பது பொருள்.

ஆகவே நம் முடிவு இரு பக்கமும் வெட்டுவதாகவே இருக்க முடியும். இந்துத் துறவி உறவை அறியாதவன் என்ற பேச்சை நாம் கைவிட வேண்டும். அம்மரபு தன் தலைசிறந்த துறவியரைத் தாயின் காலடியில் நிறுத்திப் பார்த்திருக்கிறது. அதே வேளையில், இறுதிக் கடனை மட்டும் பெருமைப்படுத்தி வாழுங்காலத்துக் கடனை மறைக்கும் எந்த வரலாற்றையும், அது யாருடையதாயினும், கொர்பான் என்னும் சொல்லால் அளந்து பார்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இவ்வளவுகோல் முதலில் நம்மைத்தான் அளக்கும். ஊழியத்தின் பெயரால் ஊரில் தனித்து விடப்பட்ட தாய்மார் நம் குருமனைகளுக்கு அப்பால் இல்லையா? இடமாற்றத்திற்குப் பின் இடமாற்றமாகத் தன் படிப்பையும் வேலையையும் விட்டுக்கொடுத்த மனைவியைக் குறித்துப் பிரிவுபசாரக் கூட்டத்தில் ஒரு வரி கூறிவிட்டால் போதுமா? நாம் நடத்தும் அடக்க ஆராதனை எவ்வளவு சிறப்பாக அமையினும், அவள் உயிரோடிருந்தபோது நாம் எழுதாத கடிதத்திற்கு அது ஈடாகாது.

அடுத்த முறை பிரசங்கத்தில் இந்துத் துறவியைக் குறிப்பிட நேரும்போது, அழகம்மாளின் அடுப்பையும் சிவகலையின் மௌனத்தையும் ஒருசேர நினைவில் கொள்வோமாக. அதன் பின்னர் பேசும் சொல் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் உண்மையாக இருக்கும்.